வேணாம் அண்ணேயும் பதினொரு பாத்திரங்களும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஏன், கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதிலுமே, கடைக்கு வருகிறவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவதற்கென்றே சம்பளம் வாங்கிய ஒரே விற்பனையாளர் வேணாம் அண்ணேதான். நான் கூட்டிச் சொல்லவில்லை. என்னிடம் டைரி இருக்கிறது.

நான் வேலை பார்க்கும் கிளினிக் மாடியில். கீழே பாத்திரக் கடை. மாடிப்படி கடையின் பக்கவாட்டில் தொடங்குவதால் ஒரு நாளைக்கு ஆறு தடவை அந்தக் கடையைக் கடக்கிறேன். நோயாளிகளின் பதிவேடுகளை ஒழுங்காக வைத்திருப்பது என் வேலை. அந்தப் பழக்கத்தில், கண்ணில் படுவதையெல்லாம் தேதியும் நேரமும் போட்டு எழுதிவைப்பேன். ஒன்பது வருஷத்து டைரிகளில் என் சொந்தத் தம்பியைவிட அதிகப் பக்கங்களைப் பிடித்துக்கொண்டவர் இவர்.

ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணி. ஒரு பெண்மணி வந்து ஐந்து லிட்டர் குக்கர் கேட்டார்.

"வீட்ல எத்தன பேருக்கா?" என்றார் அண்ணே. இருபது வயதுப் பெண்ணும் அவருக்கு அக்காதான்.

"நானும் வீட்டுக்காரரும்தான்."

"ரெண்டு பேருக்கு அஞ்சு லிட்டரா? வேணாம்க்கா."

"அப்ப மூணு லிட்டர் காட்டுங்க."

"பழைய குக்கருக்கு என்னாச்சு?"

"விசிலே வர மாட்டேங்குது."

"வாஷர் போயிருக்கும்லா. குக்கர் வேணாம்க்கா. வாஷர மட்டும் மாத்துங்க."

"சரி, வாஷர் குடுங்க."

"இங்க இருக்கு. ஆனா வேணாம். ஆன்லைன்ல ஒன்னு விலைக்கு ரெண்டு தரான்."

அந்தப் பெண்மணி ஏதோ பரிசு விழுந்தவர்போல மலர்ந்த முகத்தோடு வெளியே போனார். எதுவும் வாங்காதவர் அவ்வளவு சந்தோஷமாகக் கடையை விட்டுப் போய் நான் பார்த்ததில்லை.

கையில் போனோடு வந்து பாத்திரங்களைப் படம் எடுத்து, அங்கேயே நின்றபடி ஆன்லைன் விலையை ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் எல்லாக் கடைகளிலும் உண்டு. மற்ற கடைகளில் விற்பனைப் பெண்கள் அவர்களை முறைப்பார்கள். நம் ஆள் டார்ச் அடித்து உதவுவார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளை வாய்விட்டுப் படித்துக் காட்டுவார்.

"இவன்கிட்ட வேணாம் தம்பி. கீழ பாருங்க, இட்லிப் பானை வந்துச்சு, மூடி வரலன்னு மூணு பேரு எழுதியிருக்காங்க. அந்த ஈப்போக்காரன்கிட்ட போடுங்க. பேக்கிங் நல்லா இருக்காம்."

இதெல்லாம் முதலாளியின் கண் முன்னாலேயே நடக்கும். முதலாளி ஓர் அம்மையார், அறுபது வயது, எல்லாரும் மேடம் என்போம். கல்லாவுக்குப் பின்னால், மின்விசிறிக்குக் கீழே, உயரமான முக்காலியில் உட்கார்ந்திருப்பார். கணவர் போன பிறகு கடையைத் தனியாக நடத்தும் கண்டிப்பான மனுஷி. அண்ணேயை மூன்று முறை வேலையை விட்டு நீக்கியிருக்கிறார். மூன்றுக்கும் என்னிடம் தேதி உண்டு. ஷட்டர் சாவி அண்ணேயிடம் இருந்ததால் மூன்று முறையும் அவரே மறுநாள் காலையில் வந்து கடையைத் திறந்தார்.

"உன்னதான் நேத்தே நிறுத்திட்டேனே?"

"ஆமா மேடம். ஆனா கடைய யாரு தொறக்குறது?"

மேடம் கல்லாவைத் திறந்து சில்லறையை எண்ணத் தொடங்குவார்.

ஒருநாள் மாலை டீ நேரத்தில் மேடம் யாரையும் குறிப்பிடாமல் கேட்டார். "இந்த ஜனங்க ஏன்தான் கடைக்கு வர மாட்டேங்குறாங்களோ?"

இப்படிப்பட்ட கேள்விகளைக் காற்றில் விட்டுவிட வேண்டும் என்பது அண்ணேக்குத் தெரியாது.

"மேடம், ரவாங்லேர்ந்து ஒருத்தங்க காடி எடுத்துட்டு வராங்கன்னு வைங்க. ரோட்டு ஜேம்ல ஒரு மணி நேரம். பார்க்கிங் தேடி மூணு ரவுண்டு. ஃபைன் போட்டு சம்மன் வந்துருமோன்னு பயந்துகிட்டே உள்ள நுழையறாங்க. நீங்க அவங்க முகத்த பாக்க மாட்டீங்க, கைப்பையத்தான் பாப்பீங்க. ஒரு தட்டத் தொட்டா 'வாங்குறதுன்னா மட்டும் எடுங்க'ன்னு சொல்வீங்க. போன் அப்படிச் சொல்லாதுலா. பத்து மணி நேரம் பாத்துட்டு வாங்காம விட்டாலும் கோவிச்சுக்காது."

"நான் எப்பய்யா அப்படிச் சொன்னேன்?"

"இன்னைக்குக் காலைலதான். பதினொரு மணி இருக்கும்."

"பத்து ஐம்பது," என்றேன் நான்.

மேடம் எங்கள் இருவரையும் பார்த்தார். நான் டீயை முடிக்காமலேயே மாடிக்குப் போய்விட்டேன்.

அண்ணே வேணாம் என்று சொல்லாத ஒரே வேலை, பேர் வெட்டுவது. வாங்கிய பாத்திரத்தில் சொந்தக்காரர் பெயரை வெட்டிக் கொடுப்பது அந்தக் கடையில் இலவசம். கையடக்கமான ஒரு மின்சாரப் பேனாவைப் பிடித்து, கிர்ரென்ற சத்தத்தோடு, அச்சுக் கோத்ததுபோல எழுதுவார். வெளியில் வாங்கிய பாத்திரத்துக்கு வெட்டிக் கொடுக்கக் கூடாது என்பது மேடத்தின் கட்டளை. ஆகவே மேடம் மதியம் சாப்பிடப் போகும் ஒன்றேகாலிலிருந்து இரண்டு மணிவரை, ஆன்லைனில் வாங்கிய பாத்திரங்களோடு ஒரு வரிசை நிற்கும். எங்கள் கிளினிக்கின் வரிசையைவிட அது நீளமாக இருந்த நாட்களும் உண்டு.

கொஞ்சகாலமாக அந்த வரிசையில் புதிய வகைப் பாத்திரங்கள் வரத் தொடங்கின. புதியவை என்றா சொன்னேன், எல்லாம் பழையவை. வீட்டை ஒழிக்கிறவர்கள் போனில் படம் போட்டு விற்கும் எவர்சில்வர் அண்டா, குடம், தாம்பாளம். கோமூட்டர் ரயில் ஸ்டேஷன் வாசலில் நின்று கைமாற்றிக்கொள்கிறார்கள். வாங்கியவர்கள் முதலில் கேட்பது, பழைய பேரை அழித்துத் தர முடியுமா என்பதைத்தான்.

"பேர அழிக்க மாட்டேன்க்கா. உங்க பேர அடியில எழுதித் தரேன். மேல இருக்குறவங்கள நான் எறக்க மாட்டேன்."

"யாரோட பேரோ தெரியலையே அண்ணே."

"அதனால என்ன? தகட்டத் தட்டிப் பாருங்க, எவ்ளோ கனம். இப்ப நம்ம கடைக்கு வர்றது பேப்பர் மாதிரி இருக்குலா."

இப்படிச் சொன்ன வேளையில் மேடம் சாப்பாட்டை முடித்துக்கொண்டு சீக்கிரமே திரும்பியிருந்தார். சரியாக அண்ணேக்குப் பின்னால் நின்றிருந்தார். மணி ஒன்று நாற்பத்தாறு.

மேடம் அன்று கத்தவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. கடைக்கட்டடத்தின் சொந்தக்காரர், வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறீர்களா இல்லையா என்று மாதக் கடைசிக்குள் சொல்லச் சொல்லியிருந்தார். கண்ணாடி அலமாரியில் இருபத்தோரு உருப்படி கொண்ட கல்யாணச் சீர் செட் ஒன்று, மஞ்சள் தாள் சுற்றி, இரண்டு வருஷமாக யாரும் கேட்காமல் நின்றிருந்தது. மேடம் அதைக் காட்டினார்.

"இந்த மாசம் முடியறதுக்குள்ள அத வித்துக் காட்டு. வித்தா கடை இருக்கும். இல்லாட்டி கடையும் வேணாம், நீயும் வேணாம்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணே சிரிக்கவில்லை. அவருக்கு ஐம்பத்தேழு வயது. சாலாக் செலாத்தானில் வாடகை வீடு. கல்லூரியில் இன்னும் ஒரு வருஷம் பாக்கியிருக்கும் மகள். ஐம்பத்தேழு வயதில், வேணாம் என்ற ஒரே அனுபவத்தோடு, யார் வேலை கொடுப்பார்கள்?

மறுநாள் என்னைப் படியில் நிறுத்தி ஒத்திகை பார்த்தார்.

"அக்கா, இது ரொம்ப நல்ல செட்டு. நீங்க இத கண்டிப்பா... கண்டிப்பா..."

"வாங்குங்க," என்று எடுத்துக்கொடுத்தேன்.

"அந்த வார்த்தை தொண்டைய தாண்ட மாட்டேங்குதுக்கா."

இரண்டாவது வாரம் முயன்று ஒரு பெரிய சோற்றுப் பானையைக் காஜாங்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். மேடமே கைதட்டினார். ஐந்து நிமிஷம் கழித்து அண்ணே திடீரென்று கடையை விட்டு ஓடினார். அந்த மனிதர் பணம் கொடுக்கும்போது, வீட்டில் இருப்பது சின்ன மின்னடுப்பு என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். அந்தப் பானை அதில் உட்காராது. கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில், டிக்கெட் கதவுக்குள் ஒரு காலை வைத்துவிட்ட மனிதரைப் பிடித்து, பணத்தைக் கொடுத்து, பானையைத் தலையில் கவிழ்த்தபடி திரும்பி வந்தார். மேடம் கணக்குப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் படித்தார்.

மூன்றாவது சனிக்கிழமை, பதினொன்று இருபதுக்கு, ரவாங்கிலிருந்து ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். மகள் ஷாமினிக்கு இரண்டு மாதத்தில் கல்யாணம். அம்மா நேராகச் சீர் செட்டுக்கு முன்னால் போய் நின்றார். நான் மாடிக்குப் போகும் நான்காவது படியில் நின்றுவிட்டேன். மேடம் விசிறியை நிறுத்தினார். ஒரு சொல்கூடக் காதுக்குத் தப்பக் கூடாதென்று.

"அம்மா, இது எதுக்கும்மா? எல்லாம் மெல்லிசுத் தகடு. பழைய எவர்சில்வர் எவ்ளோ நல்லா இருக்குன்னு பாரு," என்று ஷாமினி போனை நீட்டினாள்.

"அடியே, கல்யாணத்துக்கு எவளாச்சும் அடுத்தவ பேரு வெட்டுன பாத்திரத்த எடுத்துட்டுப் போவாளா? சம்பந்தி வீட்ல என்ன நெனப்பாங்க?"

"யூஸ் பண்ணப்போறது நான்தானே? அவங்களா?"

அம்மா அண்ணேயின் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க அண்ணே. இத எடுக்கலாமா, வேணாமா?"

அண்ணேயின் நெற்றியில் வியர்வை. மேடத்தைப் பார்த்தார். செட்டைப் பார்த்தார். குடத்தை நகத்தால் ஒரு தட்டுத் தட்டினார். பிஸ்கட் டின்போல ஒரு சத்தம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

"வேணாம்க்கா."

அவர்கள் போன பிறகு மேடம் கையை நீட்டினார். அண்ணே சட்டைப்பையிலிருந்து ஷட்டர் சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தார். மணி பதினொன்று நாற்பது.

திங்களன்று மேடமே வந்து, ஷட்டரோடு போராடி, பதினொரு மணிக்குக் கடையைத் திறந்தார். அந்த வாரம் முழுவதும் ஆட்கள் வந்தார்கள். வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"அண்ணே இல்லையா?"

"இல்ல. என்ன வேணும் சொல்லுங்க."

"ஒரு மிக்ஸி பாக்கணும். அவரு வேணாம்னு சொன்னா போயிடலாம், சொல்லாட்டி வாங்கிடலாம்னு வந்தேன். அவரு இல்லாம எப்படி வாங்குறது?"

நான் குறித்த அளவில், அவரைக் கேட்டு வந்தவர்கள் இருபத்தாறு பேர். வாங்கியவர் ஒருவர். வாங்கியது டீ வடிகட்டி. மறுநாள் அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை ரவாங் அம்மாவும் ஷாமினியும் மறுபடி வந்தார்கள். இந்த முறை சக்கரம் வைத்த இரண்டு பயணப்பெட்டிகளோடு. திறந்தால் பதினொரு பழைய பாத்திரங்கள். கிள்ளான், காஜாங், சாலாக் செலாத்தான் என்று ஒரு வாரமாக அலைந்து சேர்த்தவை. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பெண்ணின் பெயர்.

"அண்ணேகிட்ட பேர் வெட்டணும்," என்றாள் ஷாமினி.

மேடம், "வெளிப் பாத்திரத்துக்கு இங்க..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பிறகு யாரும் எதிர்பாராதபடி தானே மின்சாரப் பேனாவை எடுத்து, ஒரு கரண்டியில் முயன்று பார்த்தார். பேனா வழுக்கி, துள்ளி, கரண்டியின் காம்புவரை ஓடிப்போய் நின்றது.

ரவாங் அம்மா கரண்டியை வாங்கிப் பார்த்தார். "இது என் பொண்ணு பேரா? மேல கிளினிக்ல எடுக்குற ஈசிஜி மாதிரி இருக்கே."

மேடம் போனை எடுத்தார். ஒலிபெருக்கியை அணைக்க அவருக்குத் தெரியாததால் நாங்கள் எல்லாரும் கேட்டோம்.

"ஏய்யா, எங்க இருக்க?"

"வீட்லதான் மேடம். பழைய ஃபேன் ஒன்ன விக்கப் போட்டிருந்தேன். வாங்க ஒருத்தர் வந்திருக்காரு. வேணாம்னு சொல்லிட்டிருக்கேன்."

"அவர அனுப்பிட்டு ட்ரெயின் புடிச்சு வா."

நாற்பது நிமிஷத்தில் வந்தார். பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். முகம் தெளிந்தது. பேனாவைக் கையில் எடுக்கும்போதுதான் ரவாங் அம்மா ஒரு நிபந்தனை போட்டார்.

"பழசுக்கு நான் ஒத்துக்கிட்டேன். ஆனா இந்தப் பொம்பளைங்க எல்லாம் நல்லா வாழ்ந்தவங்களான்னு எனக்குத் தெரியணும். தெரியாம என் பொண்ணு பேர அவங்களுக்குக் கீழ வெட்ட விட மாட்டேன்."

"அம்மா, ஆப்ல அதுக்கெல்லாம் ஃபில்டர் இல்லம்மா!"

அண்ணே பேனாவைக் கீழே வைத்தார். "நியாயமான கேள்விதான். கேட்டுருவோம்லா. விக்கிறவங்க நம்பர் எல்லாம் இருக்குல்ல?"

ஷாமினி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அண்ணே ஒலிபெருக்கியைப் போட்டு முதல் எண்ணை அழுத்தினார்.

"வணக்கம், கிள்ளானுங்களா? நீங்க வித்த குடத்துல பார்வதின்னு பேரு இருக்கு. பார்வதி நல்லா வாழ்ந்தாங்களா?"

"யாரு பேசுறது? போலீசா?"

"இல்லங்க. பாத்திரக் கடை."

"எங்க மாமியார்ங்க. எண்பத்து மூணு வயசு வரைக்கும் என்னைத் திட்டிக்கிட்டே ரொம்ப நல்லா வாழ்ந்தாங்க."

"பாஸ்," என்றார் ரவாங் அம்மா. "அடுத்தது."

அடுத்தது கமலா. அவருடைய மகன் பேசினார். "அம்மா முப்பத்தஞ்சு வயசுல அப்பாவ வீட்ட விட்டு வெளிய அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம்தான் நல்லா வாழ்ந்தாங்க."

"இது வேணாம்," என்றார் அம்மா.

"எனக்கு இதுதான் முக்கியமா வேணும்," என்றாள் ஷாமினி. பத்து நிமிஷ விவாதத்துக்குப் பிறகு கமலா தேறினார்.

அதற்குள் செய்தி மாடிக்கு எட்டி, எங்கள் நோயாளிகள் வரிசை எண் சீட்டோடு கீழே இறங்கிவிட்டார்கள். அவர்களைத் தேடி வந்த டாக்டரும் படியிலேயே நின்றுவிட்டார்.

ஐந்தாவது, தாம்பாளம். பெயர் சரோஜா.

"நான்தாங்க சரோஜா," என்றது ஒரு குரல். "உசுரோடதான் இருக்கேன்."

அண்ணே ஒரு நிமிஷம் தடுமாறினார். "நல்லா வாழுறீங்களாக்கா?"

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தம் நின்றது.

"என்கிட்ட யாருமே இத இதுவரைக்கும் கேட்டதில்ல தம்பி."

பிறகு இருபத்திரண்டு நிமிஷம் பேசினார். கணவர் ரயில்வேயில் இருந்தது, மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தது, இப்போது மகனின் அடுக்குமாடிக் கொண்டோவில் சமையலறை சின்னதாக இருப்பது, பாத்திரங்களுக்கு அங்கே இடமில்லாதது, தனக்கு இருப்பது. அண்ணே நடுவில் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை. "கல்யாணப் பொண்ணுக்கா போகுது? அப்ப முதல்ல பழம் வச்சு எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. காலியா கொண்டு போகக் கூடாது," என்று சொல்லி சரோஜா போனை வைத்தார். ரவாங் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாம்பாளத்தையும் துடைத்தார்.

பத்து பேர் தேறினார்கள். ஒரு சொம்பு மட்டும் நின்றுவிட்டது. விற்றவர் அதை வேறு யாரிடமோ வாங்கியவராம். பெயருக்கு உரியவரைத் தெரியாதாம். அம்மா அசையவில்லை. "இதுக்குப் பதிலா புதுசு ஒன்னு குடுத்துடுங்க."

மேடம் முக்காலியிலிருந்து தானே இறங்கி, அலமாரித் தட்டிலிருந்து ஒரு சொம்பை எடுத்து அண்ணேயின் முன்னால் வைத்தார். கடையில் இருந்த எல்லாரும் அண்ணேயின் வாயைப் பார்த்தோம். அவர் சொம்பைத் தட்டினார். கவிழ்த்தார். மறுபடி தட்டினார். மேடம் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார்.

"எடுத்துக்கலாம்க்கா. அடி கனமாத்தான் இருக்கு."

டாக்டர் கைதட்டினார்.

அன்று மாலை மேடம் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். மாதக் கடைசியில் ஒப்பந்தத்தையும் புதுப்பித்தார். ஓர் ஆண்டுக்குத்தான், அதுவும் பாதிக் கடைக்கு. முன்பாதியில் இப்போது வேறு யாரோ போன் உறை விற்கிறார்கள். பின்பாதியில் பேர் வெட்டுகிறார்கள். பழைய பாத்திரங்களை வாங்கி விற்கிறார்கள். சீர் செட்டின் மஞ்சள் தாளைப் பிரித்து உருப்படி உருப்படியாக விற்கிறார்கள்; அதிலும் மெல்லிய தகடுகளை யாருக்கும் கொடுக்க அண்ணே விடுவதில்லை. ஒவ்வொரு பழைய பாத்திரத்துக்கும் அவர் போன் போட்டு விசாரித்துச் சொல்ல, நான் சின்ன அட்டையில் எழுதிக் கட்டுகிறேன். "கிள்ளான். நான்கு பிள்ளைகள். தோட்டத்தில் மல்லிகை வைத்திருந்தார். நிம்மதி." ஆன்லைனில் இது கிடைக்காது என்று மேடம் இப்போது வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார்.

அண்ணே விடுப்பில் போனால் வேலை நிற்கக் கூடாதென்று மேடம் மதிய நேரத்தில் உடைந்த மூடிகளில் எழுதிப் பழகினார். போன வெள்ளிக்கிழமை, பத்து மணி டீயை ஒரு பழைய எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி அண்ணேயின் முன்னால் வைத்துவிட்டு முக்காலிக்குத் திரும்பினார். டம்ளரில் ஒரு பெயர் வெட்டியிருந்தது. இந்தத் தெருவில் யாரும் கூப்பிட்டிராத, அண்ணேயின் சொந்தப் பெயர். எழுத்துகள் ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்டு, கடைசி எழுத்து விளிம்புவரை ஏறியிருந்தது. அவ்வளவு கோணலான எழுத்தை அண்ணே வேறு யாருடைய பாத்திரத்திலும் விட்டிருக்க மாட்டார்.

இப்போது தினமும் அதில்தான் டீ குடிக்கிறார். பெயர் இருக்கும் பக்கத்தைத் தெருவைப் பார்த்துத் திருப்பிப் பிடித்துக்கொள்கிறார்.